எனக்கு முன்னால் கிளம்பிய பை

மாடம்பாக்கத்தை விட்டு நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே என் கைப்பை கிளம்பிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று வியாழக்கிழமை. பொத்தேரிக்குக் கடைசித் தடவையாகப் போய்க் கல்லூரிச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, ரயிலில் நின்று, தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, மாடிக்கு ஏறிப் பார்த்தால் கட்டில்மேல் வைத்திருந்த பை இல்லை. பாஸ்போர்ட், விமான டிக்கெட், போலீஸ் பதிவுப் புத்தகம் எல்லாம் அதில்தான் இருந்தன. கட்டிலுக்கு அடியில் தேடினேன், அலமாரியைக் கவிழ்த்தேன், பிறகு மாடிப்படியில் நின்று திருடன் வந்துவிட்டான் என்று கத்தினேன்.

கீழ்வீட்டு அக்கா க்ரில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“இன்னாத்துக்கு ஊரைக் கூட்டுற? பை காலைலயே கிளம்பிடுச்சி.”

“எங்கே கிளம்பிச்சு?”

“என் நாத்தனார் வூட்டுக்கு. ராஜகீழ்ப்பாக்கம். நீயும் வெளிச்சம் இருக்கசொல்லவே அங்க போயிடு. பை ஒரு எடத்துல, ஆளு ஒரு எடத்துலன்னு இருக்கக் கூடாது.”

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டுமென்றால், அதற்கு முந்தைய நாலரை வருடத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கோபம் ஒரே நாளில் சேர்ந்தது இல்லை.

நான் மலேசியாக்காரி. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்க வந்தேன். முதல் ஆறு மாதம் விடுதியில் இருந்தேன். விடுதிச் சாம்பாரோடு சண்டை போட முடியாமல், ஒரு வகுப்புத் தோழி சொல்லி, இந்த மாடிக்குக் குடிவந்தேன். இரண்டு அறை. பக்கத்து அறையில் இரண்டு கேரள நர்சுகள் இருந்தார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் காலிசெய்த பிறகு அந்த அறை பூட்டியே கிடந்தது. கீழே வீட்டுக்காரர்களான அக்காவும், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர் கணவரும். ஏரிப் பக்கம் நெல் போட்ட குடும்பம். வயலெல்லாம் மனைகளாகப் போன பிறகு அண்ணன் மெயின் ரோட்டில் சிமென்ட், கம்பி, பெயின்ட் விற்கும் கடை போட்டிருந்தார். இரண்டு மகன்களில் ஒருவர் ஓசூரில், ஒருவர் துபாயில்.

இந்த ஊர் என்னைச் சந்தித்த ஒவ்வொரு தடவையும் ஒரே பாராட்டைத்தான் சொன்னது. “நல்லா தமிழ் பேசுறியே, எங்க கத்துக்கினே?” என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன், நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு ஆட்டோக்காரரைத் திருப்பிக் கேட்டே விட்டேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, திரும்பி உட்கார்ந்து சிரித்தார். வகுப்பில் யாரையாவது “பசியாறிவிட்டீர்களா?” என்று கேட்டுவிட்டால் போதும், அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லி ஓட்டுவார்கள். காலையில் சாப்பிடுவதற்கு அதைவிட நல்ல சொல் இவர்களிடம் இருக்கிறதா என்ன? டிபன் என்கிறார்கள்.

அப்புறம் பூர்வீகம். பார்க்கிறவர்களெல்லாம் கேட்பார்கள், பூர்வீகம் எந்த ஊர் என்று. தெரியாது. கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறினார் என்று தெரியும். எங்கிருந்து ஏறினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னதும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு என்ன பாவம்? எனக்கு வீடு இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறார்கள், மழை பெய்தால் ஆற்றுத்தண்ணீர் எங்கள் தெருவுக்கும் வரும். இப்படி உச்சுக்கொட்டிச் சொந்தம் கொண்டாடுகிற ஊர்தான் என் புகைப்படத்தை ஒட்டி, வெளிநாட்டவர் என்று எழுதி, முத்திரை குத்தி அந்தப் போலீஸ் பதிவுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தது. ஒன்று சொந்தம் என்று சொல்ல வேண்டும், இல்லை அந்நியம் என்று சொல்ல வேண்டும். வசதிக்குத் தகுந்தமாதிரி இரண்டையும் சொன்னால் நான் எங்கே போய் நிற்பது?

தெருவில் ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஸ்திரி போடுகிற அண்ணன் கீழேயிருந்து, “மலேசியா, மாடில கரண்ட் கீதா?” என்பார். பூ விற்கிற அம்மா, “மலேசியா, இன்னிக்கு மல்லி நல்லா கீது” என்பார். ஒரு நாட்டையே தலையில் தூக்கிவைத்து நடக்கவிட்டார்கள்.

வீட்டுக்குள் வந்தால் அக்காவின் சட்டங்கள். முதல் நாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். “ஆன்ட்டியா? எனக்கு இன்னா அவ்ளோ வயசாயிடுச்சி? அக்கான்னு கூப்புடு” என்றார். அத்தோடு என் சுதந்திரம் முடிந்தது. எட்டு மணிக்குக் கேட் பூட்டு. துணியைத் தெருப் பக்கம் காயப்போடக் கூடாது. தலை ஈரத்தோடு வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை மாடியில் கருவாட்டு வாசனை வரக் கூடாது. நர்சுகள் இருந்தவரை அவர்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. பத்து மணி டியூட்டி முடிந்து வந்தாலும் அண்ணன் எழுந்து போய்த் திறந்துவிடுவார். நான் எட்டேகாலுக்கு வந்தால் அக்கா கேட்டருகே நின்றிருப்பார். நான் இதைச் சுட்டிக்காட்டியதும் உண்டு. “அவங்க வேலைக்குப் போறவங்க” என்பார்.

மூன்றாவது வருடம் அக்காவுக்கு வலது தோள் இறுகிப்போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருவதுதான். கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். எங்கள் படிப்பு அப்படி. முகத்துக்கு முன்னால் நடையைப் பார்த்துவிடுவோம். தினமும் காலையில் சமையலறைச் சுவரில் விரல்களால் மேலே ஏறச் சொல்வேன். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். வலித்தால் என்னைத் திட்டுவார், நான் திருப்பித் திட்டுவேன். எட்டு மாதத்தில் கை முழுதாக மேலே போனது. அதன் பிறகும் கேட் எட்டு மணிக்குத்தான் பூட்டியது.

சரி, இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று ஒன்று இருந்ததென்றால் அது மொட்டைமாடி. அது யாருடைய சட்டத்துக்கும் வெளியே இருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பழைய சிவன் கோவில், தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானங்கள். வீட்டு நினைப்பு வந்து அழுததும், பரீட்சைக்கு எலும்புகளின் பெயரை உரக்கச் சொல்லிப் படித்ததும் அங்கேதான். எனக்குச் சென்னை என்றால் மெரினா இல்லை, அந்த முப்பதுக்கு இருபது அடிதான். அங்கிருந்துதான் இந்த ஊரிடம் விடைபெற வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் வருவதாக ஏற்பாடு. தேங்காய்ப்பாலில் சோறு, மிளகாய்ச் சம்பல். வெள்ளி என்பதால் நெத்திலி இல்லாமல் செய்வதாக அக்காவிடம் நானே ஒத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் தனியாக உட்கார வேண்டும். நாலரை வருடத்தில் நான் இந்த ஊரிடம் கேட்டது அந்த ஒரு சாயங்காலத்தைத்தான்.

அதைத்தான் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே பிடுங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். என் விமானம் சனிக்கிழமை. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது. மலேசியா கிழக்கே இருக்கிறது. டிக்கெட்டை மாற்ற முடியாது என்று நான் சொல்லிவிட்டதால், அக்கா வேறு வழி பார்த்திருக்கிறார். பரஸ்தானம் என்பார்கள். பயணம் போகிறவரின் முக்கியமான பொருள் ஒன்றை நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எந்தச் சூலமும் ஒன்றும் செய்யாது. ஆனால் வைத்த பொருள் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அதை எடுக்கப் போகிற ஆளும் திரும்பக் கூடாது.

“உள்ளே பாஸ்போர்ட் இருக்குக்கா! நாளைக்குக் காலையிலே வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீசுக்குப் போகணும்!”

“அங்கேருந்து போ. யாரு வேணாம்னா?”

“ஒரு துண்டு, ஒரு சட்டை, ஏதாவது வைக்கக் கூடாதா? அந்தப் பைதான் கிடைச்சுதா?”

“முக்கியமானதத்தான் வைக்கணும். கிழிஞ்ச துண்டை வச்சா துண்டுதான் ஊருக்குப் போவும்.”

அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரிடம் போனேன். அதைக் கிழிப்பது என் காலை வேலையாகவே ஆகியிருந்ததால் சூலமெல்லாம் எனக்கும் அத்துப்படி. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கிழக்கே எந்தத் தடையும் இல்லை.

“வெள்ளிக்கிழமை கிழக்கே போகலாம்னு உங்க காலண்டரே சொல்லுது. நாளைக்கு ராத்திரி பையைக் கொண்டுபோய் வெச்சிருக்கலாமே. என் சாயங்காலம் எனக்கு மிச்சமாகியிருக்குமே!”

அக்கா முதல்முறையாக நிமிர்ந்தார். “வெள்ளிக்கிழமை வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

“நர்சுங்க வெள்ளிக்கிழமைதானே காலிபண்ணினாங்க? நான் இங்கேதான் நின்னேன். நீங்களே ஆட்டோ கூப்பிட்டு ஏத்திவிட்டீங்க.”

“அவங்க கத வேற.”

“என் கதை என்ன?”

“ரொம்பப் பேசுற. போ, துணியெல்லாம் எடுத்து வை. பெட்டியைக் காலைல அண்ணன் அனுப்புவாரு.”

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கேரளம் என்றாலும் அவர்கள் இந்தியர்கள், பக்கத்து மாநிலம். நான்தான் கடல் தாண்டி வந்த அந்நியம். அந்நியத்தை அனுப்புவதற்கு மட்டும் தனிச் சட்டம், தனி நாள். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். முதல் நாள் பதிவுப் புத்தகம் கொடுத்தவர்களும் கடைசி நாள் பையைத் தூக்கியவர்களும் ஒரே ஆட்கள்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அக்காவிடம் முகம்கொடுத்துப் பேசாமல், மேலே போய்ப் பெட்டிகளைப் பூட்டி, மாற்றுத்துணி இரண்டை ஒரு கவரில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மொட்டைமாடிக்குப் போகக்கூட இல்லை. கோபத்தில் மறந்துவிட்டேன். அந்த மறதிக்காக என்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் என் பை பூஜையறையில் சாமிப் படங்களுக்குக் கீழே மரியாதையாக உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தால் ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் துண்டு, ஒரு பாக்கு, எல்லாம் ஈரத் துணியில் முடிந்து பாஸ்போர்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் புகைப்படம் உள்ள பக்கத்தின் ஓரம் முழுவதும் மஞ்சள். மலேசிய அரசாங்கத்தின் பாஸ்போர்ட்டுக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். மறுநாள் காலையில் பதிவு அலுவலகத்தில் அதைத்தான் நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்தப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

“மஞ்சளா?”

“ஆமா சார். பரஸ்தானம்.”

“எந்த நாள்ல வச்சாங்க?”

“வியாழக்கிழமை.”

“நல்ல நாள்தான்” என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

திரும்பி வந்தால் என் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. கடையிலிருந்து மீன்பாடி என்கிற மூன்றுசக்கர வண்டியில் சிமென்ட் மூட்டைகளோடு ஏற்றி அனுப்பியிருக்கிறார் அண்ணன். புதுப் பெட்டி இரண்டும் சாம்பல் நிறமாகி நின்றன. உட்கார்ந்து துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஆத்திரம்தான் கூடியது.

சாயங்காலம் நண்பர்கள் மாடம்பாக்கத்துக்கே போய், அக்கா வழி சொல்லி அனுப்ப, இங்கே வந்து சேர்ந்தார்கள். நாலு பேரும் முன்பின் தெரியாத வீட்டின் ஹாலில் சோபாவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிவியில் ஒரு சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நாத்தனார் அதிலிருந்து கண்ணெடுக்காமலேயே கேசரி பரிமாறினார். என் சம்பலுக்கு வாங்கிவைத்த மிளகாய் மாடம்பாக்கத்தில் கிடந்தது. சத்தமாகச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஏழரைக்கு எழுந்துகொண்டார்கள். வாசலில் ஒரு தோழி என் கையைப் பிடித்து, “மச்சான், இதெல்லாம் ஒரு செண்டாஃபா?” என்றாள். இல்லை என்றேன்.

அவர்கள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. சீரியலில் விளம்பரம் வந்த நேரம் பார்த்து நாத்தனாரிடம் கொட்டிவிட்டேன்.

“இன்னிக்கு ராத்திரி பையை வெச்சிருந்தாப் போதும். உங்க அண்ணி வேணும்னே நேத்தே வெச்சு என் கடைசி நாளைக் கெடுத்துட்டாங்க. நல்லா இருக்கா இது?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையிலயா? எவளாவது வூட்டுப் பொண்ணை வெள்ளிக்கிழமை வாசப்படி தாண்ட வுடுவாளா? வூட்டு லட்சுமி கூடவே போயிடும்னு சொல்லுவாங்க. கட்டிக்குடுத்த பொண்ணையே அன்னிக்கு அனுப்ப மாட்டோம்.”

“நான் குடியிருந்தவ. வீட்டுப் பொண்ணு இல்லையே.”

“அது எனக்குத் தெரியாதும்மா. அண்ணி போன் பண்ணி, நம்ப பொண்ணு சாமான் வருது, சாமி ரூம்ல வைன்னுச்சு. வச்சேன்.”

விளம்பரம் முடிந்தது. அவர் திரும்பிக்கொண்டார்.

நர்சுகள் வெள்ளிக்கிழமை போனார்கள். அவர்களுக்குக் கேட் பத்து மணிக்கும் திறந்தது. எனக்கு எட்டு மணி, எனக்கு ஈரத் தலை, எனக்கு வெள்ளிக்கிழமை கூடாது. நான் அந்தச் சட்டங்களையெல்லாம் தப்பான பக்கத்திலிருந்தே படித்திருக்கிறேன். இது தெரிந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும், இல்லையா? தணியவில்லை. இரண்டு மடங்காகியது. இஸ்திரிக்காரருக்கும் நாத்தனாருக்கும் தெரிந்திருக்கும், ஏன், பதிவு அலுவலகத்து மனிதர்கூட மஞ்சளை முகர்ந்ததுமே தெரிந்துகொண்டிருப்பார். சம்பந்தப்பட்ட எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கால் டாக்ஸி வந்தது. பெட்டிகளை ஏற்றியதும் டிரைவரிடம் மாடம்பாக்கத்துக்குப் போகச் சொன்னேன்.

“இன்னாக்கா, ஏர்போர்ட்டு அந்தாண்ட கீது.”

“தெரியும். போங்க.”

போகும் வழியிலேயே தீர்மானம் செய்துவிட்டேன். நேரே உள்ளே நுழைந்து, படியேறி, மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்குவேன். சூலம் வந்து குத்தட்டும். ஹாரன் சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தபோது என் கை கேட் தாழ்ப்பாள்மேல் இருந்தது.

“உள்ள கால் வைக்காதே!”

அப்படி ஒரு அலறலை அவரிடம் நான் கேட்டதில்லை. தோளைத் திருகியபோதுகூட அப்படி அலறவில்லை. ஓடிவந்து கேட்டை உள்பக்கமிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகத்தில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். ஆனால் வாயை மூடவில்லை.

“வீட்டுப் பொண்ணுன்னு ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் தெரியுது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாலு வருஷம் குடித்தனக்காரி குடித்தனக்காரின்னுதானே சொன்னீங்க? நேத்து வரைக்கும் நான் உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன், தெரியுமா?”

“திட்டினா திட்டிக்கோ.”

“ஏன்க்கா சொல்லலே?”

தெருவில் இஸ்திரிப் பெட்டி நின்றுபோய் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

“குடித்தனக்காரின்னா காலி பண்ணிட்டுப் போவா, வேற ஆளு வரும். பொண்ணுன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா, அப்புறம் நான் எப்புடி உன்ன அனுப்புறது?”

டிரைவர் நேரமாகிறது என்றார். கேட்டின் கம்பி வழியாக அக்கா என் கையைப் பிடித்தார். அவரே கையை விட்டு, போ என்று தலையை அசைத்தார். நான் மேலே நிமிர்ந்து மாடியைப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன். மீனம்பாக்கம் வரைக்கும் டிரைவரோடு சண்டை போட்டேன், அவர் எந்த வழியில் திருப்பினாலும் தப்பு என்றேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. நாலு வருடம் ஒரு வீட்டில் மகளாக இருந்திருக்கிறேன். அது தெரிந்து நான் மகளாக நின்றது கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம்தான்.